எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கொடுக்க வைப்பது எப்படி? கோப்புப் பகிர்வு வழிகள், ஓர் ஒப்பீடு

பதிவிறக்கம் 98.6 சதவீதத்தில் நின்றுபோய் நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களை யாரோ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, 40 ஜிபி வரும் ஒரே டோரண்டாக, அதாவது எடுப்பவர்கள் தங்களுக்குள் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொள்ளும் பகிர்வாக, போட்டிருந்தார். இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். பதினான்கு பேரிடமும் அதே 98.6. ஒருவரிடம் இல்லாத துண்டு இன்னொருவரிடம் இருக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலமே. இங்கே எல்லாரிடமும் இல்லாதவை ஒரே துண்டுகள். முழுத் தொகுப்பையும் வைத்திருந்த ஒரே ஆள் கணினியை அணைத்துவிட்டுப் போயிருந்தார்.

பதினோராம் நாள் இரவு அவர் திரும்பி வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் மீதித் துண்டுகள் வந்து சேர்ந்தன. மறுநாள் காலையில் பட்டியலைப் பார்த்தால் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம்.

பதினோரு நாள் காத்துக் கிடந்தவர்கள், கிடைத்த ஐந்தாறு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை இருக்கச் சொல்லி அந்த ஏற்பாட்டில் எதுவுமே கேட்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன்.

நீங்கள் ஒரு பகிர்வுக் குழுவை நடத்துபவராகவோ தொடங்கப் போகிறவராகவோ இருந்தால், இந்தக் கேள்வி முதல் சில மாதங்களிலேயே உங்கள் முன்னால் வந்து நிற்கும். பகிர்வது கட்டற்ற மென்பொருளோ, ஆய்வுத் தரவோ, பழைய ஒலிப்பதிவுகளோ, எதுவாகவும் இருக்கட்டும். எடுப்பவர்கள் கொடுக்கவும் வேண்டும். அதற்கு என்ன ஏற்பாடு வைப்பது? கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இதற்குப் பலவிதமான விடைகளை முயன்று பார்த்துவிட்டார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் எத்தனை ஜிபி கொடுத்தார் என்று எண்ணுவதைவிட, எத்தனை நாள் கூட இருந்தார் என்று எண்ணுவதுதான் சிறிய, நடுத்தரக் குழுக்களுக்குப் பொருந்தும்.

எதுவும் செய்யாமல் விட்டால்

முதல் வழி, மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி அப்படியே விட்டுவிடுவது. பயனர்கள் தங்கள் கணினிகளிலிருந்தே கோப்புகளைப் பகிர்ந்த நூட்டெல்லா வலையமைப்பு அப்படித்தான் இருந்தது. 2000இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எய்ட்டன் அடாரும் பெர்னார்டோ ஹூபர்மேனும் அதை அளந்து பார்த்தார்கள். பயனர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. தேடல்களுக்குக் கிடைத்த பதில்களில் கிட்டத்தட்டப் பாதி, பகிர்ந்தவர்களில் முதல் 1 சதவீதத்தினரிடமிருந்து வந்தது. 2005இல் மறுபடி அளந்தபோது, ஒன்றும் பகிராதவர்கள் 85 சதவீதமாகியிருந்தார்கள்.

இந்த எண்களைக் காட்டி "மனிதர்களே இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொடுக்காதவர்களில் பெரும்பகுதியினர் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அல்லர். பகிரும் கோப்புறையை அமைக்க வேண்டும் என்றே தெரியாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து யாரும் அவர்கள் கணினியை அடைய முடியாமல் போகிறது. வேலை முடிந்ததும் மடிக்கணினியை மூடி வைக்கிறார்கள். மாத டேட்டா வரம்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். வீட்டு இணைப்புகள் பலவற்றில் கீழே இறங்கும் வேகம் ஒன்று, மேலே ஏறும் வேகம் அதில் ஒரு சிறு பங்கு. இவர்கள் எல்லாரையும் ஓசியில் வாழ்பவர்கள் என்று ஒரே பெயரில் அடைத்துவிட்டு விதி எழுதினால், அந்த விதி தவறான ஆட்கள்மேல் விழும்.

கொடுத்தால் கொடுப்பேன்

2001இல் பிராம் கோஹன், டோரண்டுகளுக்கு அடிப்படையான பிட்டோரண்டை வெளியிட்டபோது கொண்டுவந்த வழி இது. இன்றும் இதைத்தான் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே.

கோப்பு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். என் கணினி ஒரே நேரத்தில் நிறையப் பேரோடு இணைந்திருக்கும், ஆனால் எல்லாருக்கும் அனுப்பாது. பத்து நொடிக்கு ஒரு முறை, எனக்கு அதிக வேகத்தில் அனுப்புகிறவர்கள் யார் என்று பார்த்து, அவர்களில் ஒரு சிலருக்கு மட்டும் அனுப்பும். மூல வடிவமைப்பில் அது நான்கு பேர். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அப்புறம், முப்பது நொடிக்கு ஒரு முறை, எதுவும் கொடுக்காத ஒருவருக்கும் குலுக்கல் முறையில் ஒரு வாய்ப்பு கிடைக்கும். புதிதாக வந்தவரிடம் கொடுக்க ஒரு துண்டுகூட இருக்காது. அவருக்கு யாராவது முதலில் கொடுத்தால்தான் அவரும் கொடுக்கத் தொடங்க முடியும். இந்தக் குலுக்கல் அதற்காகத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பது. கணக்குப் புத்தகம் இல்லை, பெயர் இல்லை, மதிப்பெண் இல்லை. என் கணினி தானே அளந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கிறது. பொய் சொல்ல இடமே இல்லை. இதன் அருமை தெரிய வேண்டுமானால், அதே காலத்துப் பகிர்வு மென்பொருளான கசாவைப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் பங்கேற்பு அளவு என்று ஒரு மதிப்பெண் உண்டு, உச்சம் 1000. அந்த மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அறிவித்தது பயனரின் கணினியில் இருக்கும் மென்பொருளேதான். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனின் நிலை. எப்போதும் 1000 என்றே சொல்லும்படி மாற்றப்பட்ட கசா லைட் வந்தது. அத்தோடு அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு போய்விட்டது. டைரக்ட் கனெக்ட் என்ற இன்னொரு பகிர்வு வலையமைப்பின் மையங்களில் இத்தனை ஜிபியாவது பகிர்ந்தால்தான் உள்ளே வரலாம் என்று வைத்தார்கள். ஒன்றுக்கும் உதவாத கோப்புகளைக் கொட்டி அளவைக் காட்டியவர்கள் அங்கே நிறைய.

ஆனாலும் பிட்டோரண்டின் வழியில் ஓட்டைகள் இருக்கின்றன. 2006இல் சூரிச்சின் இடிஎச் ஆய்வாளர்கள் பிட்தீஃப் என்ற மென்பொருளை எழுதி, ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் முழுக் கோப்பையும் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் குலுக்கல் வாய்ப்புகளையும், முழுக் கோப்பை வைத்திருப்பவர்களின் தாராளத்தையும் அது பயன்படுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிட்டைரண்ட், யாருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்து, வழக்கமான மென்பொருளைவிட வேகமாக இறக்கிக்காட்டியது. இவை உண்மைதான் என்றாலும், இவ்வளவு காலமாகப் பெரிய டோரண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த ஓட்டைகளால் அவை நின்றுவிடவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 1980வாக்கில் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று நிரல்கள் மறுபடி மறுபடி முடிவெடுக்கும் ஒரு கணினிப் போட்டியை நடத்தினார். அதில் அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. முதல் முறை ஒத்துழை, அதன்பின் எதிராளி போன முறை செய்ததையே செய். பிட்டோரண்டின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்த வழி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: இருவரும் மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும். டோரண்டுக்குள் பத்து நொடிக்கு ஒரு முறை சந்திக்கிறோம், சரி. பதிவிறக்கம் முடிந்த அந்த நொடியில் எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் தேவையில்லாமல் போகிறது. அதற்குமேல் நான் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். என் 98.6 சதவீதக் கூட்டத்தில் இந்த முறை கச்சிதமாக வேலை செய்தது. இருந்த துண்டுகளையெல்லாம் எல்லாருக்கும் சமமாகப் பரப்பியது. இல்லாத துண்டுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே, புதிதாக வெளியாகும் ஒரு பெரிய கோப்பை ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் வேலையென்றால், இதற்குமேல் எதுவும் தேடாதீர்கள். இதுவே போதும்.

வரிசையில் முன்னால் போவது

சந்திப்பு மறுபடி நிகழும்வரை நினைவில் வைத்திருந்தால் என்ன என்று யோசித்தது ஈமியூல் என்ற பகிர்வு மென்பொருள். அதில் ஒருவரிடம் கோப்பு கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்பு கொடுத்தவர் என் வரிசையில் நின்றால், அவர் காத்திருந்த நேரம் 1 முதல் 10 மடங்குவரை பெருக்கி எண்ணப்படும். அவர் எனக்கு 100 எம்பி கொடுத்து, என்னிடம் 50 எம்பி எடுத்திருந்தால், 4 மடங்கு. பத்து நிமிடம் நின்றால் நாற்பது நிமிடம் நின்றதாகக் கணக்கு. ஒரு எம்பிகூடக் கொடுக்காதவருக்குச் சலுகை இல்லை, ஆனால் அவரை யாரும் துரத்துவதும் இல்லை. வரிசையில் நின்றால் முறை வரும்.

இதில் ஒரு மரியாதை இருக்கிறது. கணக்கும் என் கணினியிலேயே இருப்பதால் இன்னொருவர் அதைத் திருத்த முடியாது. சிக்கல், லட்சக்கணக்கானவர்கள் இருக்கும் வலையமைப்பில் அதே ஆளை மறுபடி சந்திப்பது அரிது. நான் ஒருவருக்குக் கொடுத்த நன்மை அவரிடமே கிடக்கும். எனக்கு வேண்டியது வேறொருவரிடம் இருக்கும். சில நூறு பேரே உள்ள குழுவில், ஒரே மாதிரி ரசனை உள்ளவர்களிடையே இது நன்றாகவே எடுபடும் என்பது என் கணிப்பு. ஆனால் இன்றைக்கு ஒரு புதுக் குழுவை ஈமியூலில் தொடங்குவீர்களா என்றால், மாட்டீர்கள்.

ரேஷியோ

இனி வருவதுதான் பெரும்பாலான மூடிய குழுக்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது. உறுப்பினர்களுக்குக் கணக்கு உண்டு, யாரிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் குழுவின் சர்வரான டிராக்கர், ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று குறித்து வைக்கும். கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால் வருவது ரேஷியோ. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம்.

இது வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. இப்படிப்பட்ட குழுக்களில், திறந்த டோரண்டுகளைவிடச் சீட் செய்பவர்களின், அதாவது முழுக் கோப்பையும் வைத்திருந்து கொடுப்பவர்களின், விகிதம் பல மடங்கு அதிகம், வேகமும் அதிகம். ஆனால் என்ன விலை கொடுத்து என்பதைப் பார்க்க ஒரு சிறு கணக்கு போடலாம்.

ஒருவர் 1 ஜிபி கோப்பு ஒன்றை ஏற்றுகிறார். ஒன்பது பேர் எடுக்கிறார்கள். எடுத்தது மொத்தம் 9 ஜிபி என்றால், கொடுத்ததும் மொத்தம் 9 ஜிபிதான். ஒருவர் கொடுக்காமல் இன்னொருவர் எடுக்க முடியாதே. அதில் முதலாமவர் குறைந்தது ஒரு முழுப் பிரதியாவது, அதாவது 1 ஜிபியாவது கொடுத்திருக்க வேண்டும். மீதி 8 ஜிபியை ஒன்பது பேர் பங்கிட்டால் சராசரி 0.89. விதி 1.0 என்று இருந்தால், ஒன்பது பேரும் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒருவராவது தோற்றே ஆக வேண்டும். அந்த ஒன்பதில் ஒருவரிடம் தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த வேகமான சர்வர் இருந்து, அவரே ஐந்து ஜிபியைக் கொடுத்துவிட்டால், மற்ற எட்டுப் பேருக்கு மிஞ்சுவது 3 ஜிபி. தலைக்கு 0.38. இரவு பகலாகக் கணினியைத் திறந்து வைத்திருந்தும், கேட்டு வர ஆள் இல்லை.

இதன் விளைவை நான் ஒரு குழுவில் நேரில் பார்த்தேன், ஓர் உறுப்பினராக. மாதக்கணக்கில் அரிய தொகுப்புகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை, ஏனென்றால் அவற்றை மாதம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. புதிதாக எது வந்தாலும் முதல் நிமிடத்தில் பாய்ந்து எடுத்து, அடித்துப் பிடித்துக் கொடுத்து, இரண்டாம் நாள் அழித்தவர்களின் ரேஷியோ ஏறிக்கொண்டே போனது. தனக்கு உண்மையிலேயே வேண்டிய பழைய தொகுப்பை, "எடுத்தால் திருப்பிக் கொடுக்க ஆள் வராதே" என்று பயந்து எடுக்காமல் விட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. பகிர்வதற்காக வந்த இடத்தில் எடுக்கப் பயப்படுவது எவ்வளவு வேதனை! அந்தக் குழு நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் எண்ணியது தவறான பொருளை, அவ்வளவுதான்.

இதைத் தணிக்கத்தான் ஃப்ரீலீச் என்று வைக்கிறார்கள்: சில கோப்புகளை எடுத்தால் எடுத்த கணக்கில் சேராது, கொடுத்தது மட்டும் சேரும். இறுகிப்போன சந்தையில் கொஞ்சம் பணம் அச்சடித்து விடுவது மாதிரி. ரேஷியோவைத்தான் வைப்பேன் என்றால் ஃப்ரீலீச்சைத் தாராளமாக வையுங்கள், குறிப்பாகப் பழையவற்றுக்கு. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. டிராக்கருக்கு வரும் எண்களைச் சொல்வதும் பயனரின் மென்பொருள்தான். பொய்க் கணக்கு அனுப்பும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. ஒருவர் கொடுத்ததாகச் சொல்வதை மற்றவர்கள் எடுத்ததாகச் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நடத்துபவர் தலையில் விழும்.

நாணயம்

கொடுத்தால் காசு, எடுத்தால் செலவு. மோஜோநேஷன் 2000இல் இதை முயன்றது. வட்டில் இடமோ அலைவரிசையோ கொடுத்தால் மோஜோ என்ற நாணயம் கிடைக்கும். நீண்ட நாள் ஓடவில்லை. அங்கே வேலை பார்த்த பிராம் கோஹன், வெளியே வந்து எழுதியது நாணயமே இல்லாத பிட்டோரண்ட். அந்த ஒரு தகவலே எனக்கு நிறையச் சொல்கிறது. 2018இல் பிட்டோரண்ட் நிறுவனத்தை டிரான் என்ற கிரிப்டோ நாணயக் குழுமம் வாங்கி, அடுத்த ஆண்டு அதற்கும் டோக்கன் என்று ஒரு மின்னணு நாணயம் வந்தது. 2020 அக்டோபரில் முழுமையாக இயங்கத் தொடங்கிய, காசுக்குச் சேமிப்பிடம் தரும் வலையமைப்பான ஃபைல்காயினில், சேமிப்பவர் பிணைத்தொகை கட்டி, கோப்பு தன்னிடம் இன்னும் இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கணித முறையில் நிரூபிக்க வேண்டும்.

காசு கொடுத்து உறுதியான சேமிப்பிடம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது நியாயமான வழி. உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக் கணினியிலிருந்து பகிரும் குழுவுக்கு வேண்டாம் என்பேன். காசு வந்துவிட்டால், ஏமாற்றினால் லாபம் என்ற நிலையும் கூடவே வரும். அதைத் தடுக்கும் எந்திரங்களைக் கட்டுவதே முழுநேர வேலையாகிவிடும்.

இருந்த நாட்களை எண்ணுவது

என் தேர்வு இதுதான். ஒருவர் ஒரு தொகுப்பை முழுதாக வைத்திருந்து, கேட்டால் கொடுக்கும் நிலையில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதை எண்ணுங்கள். யாரும் கேட்டு வராவிட்டாலும் அந்த நேரம் சேரட்டும். சீட் செய்பவர்கள் குறைவாக உள்ள தொகுப்புக்குப் புள்ளி அதிகம். முப்பது பேர் வைத்திருப்பதை முப்பத்தொன்றாவது ஆளாக வைத்திருந்தால் சொற்பம்; ஒரே ஆள் மிஞ்சியிருக்கும் தொகுப்பில் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தால் பெரும்புள்ளி. சில குழுக்களில் ரேஷியோவுக்குத் துணையாக இதுபோன்ற போனஸ் புள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நான் சொல்வது, துணையாக இருப்பதை முதன்மையாக்கிவிட்டு ரேஷியோவை எடுத்துவிடுங்கள் என்று.

இதில் மெதுவான இணைப்புக்காரரும் வேகமான சர்வர்காரரும் ஒரே தராசில் நிற்கிறார்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுப்பதற்குப் பயமும் இல்லை.

ஏமாற்ற முடியாதா? முடியும். கோப்பை அழித்துவிட்டு இருப்பதாகச் சொல்லலாம். ஆனால் இதைச் சோதிப்பது எளிது. டோரண்ட் கோப்பிலேயே ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ், அதாவது கைரேகைபோல ஓர் அடையாள எண், இருக்கிறது. நடத்துபவரின் நிரல் அவ்வப்போது சாதாரண உறுப்பினர்போல வந்து, ஏதாவது ஒரு துண்டைக் கேட்டு, வந்ததை ஹாஷோடு ஒத்துப் பார்த்தால் போதும். ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து இரட்டைப் புள்ளி வாங்குவதைத் தடுப்பது கடினம். எந்த முறையிலும் கடினம்தான். வெளியேற்றப்பட்டவர் புதுப் பெயரில் வருவதும் அப்படியே. புதியவர்களுக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தால் ஏமாற்றுபவர்கள் தினமும் புதியவர்களாக வருவார்கள். புதியவர்களை இறுக்கினால் நேர்மையாக வந்தவர் முதல் நாளே ஓடிவிடுவார். நான் புதியவர்களின் பக்கம் சாய்வேன்: முதல் மாதம் எந்த நிபந்தனையும் வேண்டாம், எடுக்கும் அளவுக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு போதும்.

உண்மையான குறை, இரவில் கணினியை அணைத்து வைக்க வேண்டியவர்களுக்கும் கைபேசி மட்டும் உள்ளவர்களுக்கும் இது பாதகம். எடுத்ததும் இத்தனை மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று வைக்காமல், விட்டுவிட்டு இருந்தாலும் மொத்தம் கூடினால் சரி என்று வையுங்கள். 72 மணி நேரத்தை ஒரு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்களால் முடியும். முடியாதவர்கள் வேறு வகையில் ஈடுகட்டட்டும். ஸ்கேன் செய்யலாம், விவரக்குறிப்பு எழுதலாம், தலைப்புகளைச் சரிபார்க்கலாம். அவற்றுக்கும் புள்ளி உண்டு என்று எழுதி வையுங்கள்.

தண்டனை விஷயத்தில், பொதுவளங்களை மக்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் கண்டது இங்கே அப்படியே பொருந்தும். நீடித்த ஏற்பாடுகளில் விதிகளை வகுப்பதில் பயன்படுத்துபவர்களுக்கும் பங்கு இருந்தது. தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியது. முதலில் ஒரு நினைவூட்டல். அப்புறம் ஒரே நேரத்தில் எடுக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது. வெளியேற்றம் கடைசியில், அதுவும் ஒரு மனிதர் எழுதிக் கேட்ட பிறகு.

மென்பொருளின் முன்னிருப்பு அமைப்பையும் சொல்லியாக வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்யலாம், செலவும் இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமைப்புகள் பக்கத்தைத் திறப்பதே இல்லை. முடிந்ததும் தொடர்ந்து சீட் செய், கணினி தொடங்கும்போது நீயும் தொடங்கு, மேலே ஏறும் வேகத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே என்ற மூன்றையும் முன்கூட்டியே அமைத்த மென்பொருளைச் சேரும்போதே கொடுத்துவிடுங்கள். அந்தக் கடைசி அமைப்பு இல்லாவிட்டால் வீட்டில் மற்றவர்களின் இணையம் இழுக்கும். கோபத்தில் மென்பொருளையே நீக்கிவிடுவார்கள்.

சுருக்கமாக, நான் தொடங்குவதாக இருந்தால் இப்படி வைப்பேன். டோரண்டுக்குள் பிட்டோரண்டின் கொடுத்தால் கொடுப்பேன் முறை அப்படியே இருக்கட்டும், அது தானாக வருவது. அதன்மேல் அரிதானவற்றுக்கு எடை கூட்டிய சீட் நேரக் கணக்கு. ரேஷியோ பார்ப்பதற்குக்கூட இருக்காது. கண்ணில் பட்டால் ஏற்றத்தான் தோன்றும். உறுப்பினரின் பக்கத்தில், "நீங்கள் வைத்திருப்பதால் இந்த மூன்று தொகுப்புகள் இன்னும் கிடைக்கின்றன" என்று தொகுப்புகளின் பெயரோடு ஒரு வரி.

மூன்று மாதம் கழித்து ஓர் எண்ணைப் பாருங்கள்: ஒரே ஒருவர் மட்டும் சீட் செய்யும் தொகுப்புகள் எத்தனை. அது குறையவில்லை என்றால் அரிதானவற்றுக்கான எடையைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், அந்தத் தொகுப்புகளின் பட்டியலைப் பெயர் சொல்லி உறுப்பினர்களுக்கு அனுப்பி, யாரால் எதை வைத்துக்கொள்ள முடியும் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.